"மையலின் கரைஞ்சு போச்சு, அதான் மனச்சிதைவு"ன்னு செய்தி வந்தா எப்படிப் படிக்கறது? வீட்ல ஒருத்தர வெச்சுப் பாத்துக்கறவங்களுக்காக

எங்க தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு, வந்து 11 வருஷம் ஆச்சு. 20 வயசுல ஆரம்பிச்சது. நான் ஹவுஸ் வயரிங் பண்றவன், அதுக்கு முன்னாடி நாலு வருஷம் கேபிள் டிவி லைன் இழுத்துட்டு இருந்தேன், டாக்டரும் இல்ல கம்பவுண்டரும் இல்ல. ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா சொந்தக்காரங்கள்ல யாராவது ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிடுவாங்க, "மூளை நரம்புக்கு மேல இருக்கற மையலின் உறை கரையறதாலதான் இந்த நோயே வருதாம், கண்டுபிடிச்சிட்டாங்களாம்"னு, அதோட வாலுல ஒரு பவுடர் விளம்பரமோ ஸ்கேன் விளம்பரமோ தொங்கிட்டு வரும். முதல் தடவ வந்தப்ப நான் நல்லா ஏமாந்தேன். அதுக்கப்புறம் கிடைச்ச நேரத்துல எல்லாம் படிச்சு, டாக்டர தொந்தரவு பண்ணிக் கேட்டு, இந்த மாதிரி செய்திய எப்படி எடுத்துக்கறதுன்னு எனக்குன்னு ஒரு வழி வெச்சிருக்கேன். அத எழுதறேன்.

முதல்ல மையலின்னா என்னன்னு சரியா புரிஞ்சுக்கணும், ஏன்னா எல்லாரும் "வயர் மேல இருக்கற ப்ளாஸ்டிக் கோட்டிங் மாதிரி"ன்னு ஒரு வரியில முடிச்சிடறாங்க, வயர்காரன் நான் சொல்றேன், அந்த உவமை பாதிதான் சரி. வீட்டு வயர்ல கோட்டிங் எதுக்கு, ஷாக் அடிக்காம இருக்க, ரெண்டு கம்பி ஒட்டி ஷார்ட் ஆகாம இருக்க. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே உறை. நரம்புல அப்படி இல்ல. கொஞ்ச தூரம் உறை, அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, மறுபடி உறை, மறுபடி இடைவெளி. அந்த இடைவெளிக்கு ரான்வியர் கணுன்னு பேரு, 1870கள்ல லூயி ரான்வியர்ங்கற ஃப்ரெஞ்சுக்காரர் விவரிச்சது, கரும்புல கணு இருக்கற மாதிரி நெனச்சுக்கோங்க. சிக்னல் ஒவ்வொரு கணுவுலயும் புதுசா பலம் ஏத்திக்கிட்டு அடுத்த கணுவுக்குத் தாவும். கேபிள் லைன்ல தெருவுக்குத் தெரு போஸ்ட்ல ஆம்ப்ளிஃபையர் டப்பா மாட்டியிருப்போமே, கிட்டத்தட்ட அந்த வேலை. உறை இல்லாத மெல்லிசு நரம்புல சிக்னல் செகண்டுக்கு சுமாரா 1 மீட்டர்தான் நகரும், உறை போட்ட தடிச்ச நரம்புல 100 மீட்டர் கூட போகும்.

இந்த உறைய மூளைக்குள்ள சுத்தறது ஆலிகோடெண்ட்ரோசைட்னு ஒரு செல்லு. ஒரு செல்லு ஒரே நேரத்துல பல நரம்புக்குக் கை நீட்டி, அம்பது துண்டு வரைக்கும் கூட சுத்தும். தண்ணிய நீக்கிட்டுப் பாத்தா மையலின்ல 70 சதவீதத்துக்கு மேல கொழுப்பு, அதனாலதான் அது வெள்ளையா இருக்கு, மூளையோட அந்தப் பகுதிக்கு ஒயிட் மேட்டர்னு பேரு வந்ததும் அதனாலதான்.

இன்னொண்ணு, இதத்தான் ரொம்ப முக்கியம்னு நான் நெனைக்கறேன். இந்த உறை சுத்தற வேலை பொறந்த உடனே முடியறது இல்ல. பாக்கறது, கை கால் ஆட்டறதுக்கான பாதைகளுக்கு முதல்ல சுத்தி முடிக்குது, நெத்திக்குப் பின்னாடி இருக்கற பகுதி, அதாவது திட்டம் போடறது, யோசிச்சு முடிவெடுக்கறது எல்லாம் நடக்கற எடத்துக்குக் கடைசியாதான் வருது, இருபது வயசு தாண்டியும் நடந்துட்டே இருக்கு. மனச்சிதைவு பெரும்பாலும் எந்த வயசுல தலை காட்டுது? அதே பதின்வயசு கடைசி, இருபதுகள். ஃப்ரான்சின் பெனஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1989லயே இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க, நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸுக்குப் போற ஒரு பாதையில பதின்வயசு கடைசியில மையலின் கூடறத எடுத்துச் சொல்லி. வயசு ஒத்துப் போகுதுங்கறதுக்காக அதுதான் காரணம்னு ஆகிடாது, மீசை முளைக்கறதும் அந்த வயசுலதான். ஆனா யோசிக்க வெக்கற விஷயம்.

சரி, மனச்சிதைவுல பலருக்கு யாரும் பேசாமலே குரல் கேக்கும், உறையில கோளாறு வந்தா அது ஏன் நடக்கணும்? இதுக்கு ஊர்த் திருவிழாவ நெனச்சுக்கோங்க. தெரு முழுக்க குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பாங்க, எல்லாத்துலயும் ஒரே பாட்டு, ஆனா நூறு மீட்டர் தள்ளி இருக்கற குழாய்ல இருந்து வர்ற சத்தம் நமக்கு 0.3 செகண்ட் லேட்டா வரும், பக்கத்துக் குழாய்ல ஒரு வார்த்தை போயிடும், தூரத்துக் குழாய் அதே வார்த்தைய திரும்பப் பாடும், ரெண்டு பேரு பாடற மாதிரி இருக்கும். எந்த ஒயரும் அறுந்து போகல, எல்லா ஸ்பீக்கரும் நல்லாத்தான் இருக்கு, நேரம்தான் இடிக்குது. மூளையிலயும் ஒரு பாதை 10 சென்டிமீட்டர்னு வெச்சுக்குவோம், செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்துல போனா 10 மில்லிசெகண்ட், வேகம் 5 மீட்டரா கொறஞ்சா 20 மில்லிசெகண்ட். கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா மூளைக்கு அது பெரிய வித்தியாசம்.

நாம பேசறப்பவோ ஒரு வேலை செய்யறப்பவோ, "இது நான் பண்றது, வெளிய இருந்து வந்ததுன்னு நெனச்சுக்காத"ன்னு மூளையோட ஒரு பகுதி காது பாக்கற பகுதிக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிடும். அதனாலதான் நம்ம குரலுக்கு நாமளே திடுக்கிடறது இல்ல. அந்தத் தகவல் லேட்டா போனா? 2011ல தாமஸ் விட்ஃபோர்டும் அவரோட கூட்டாளிகளும் ஒண்ணு பண்ணாங்க. பட்டன அழுத்தினா ஒரு சத்தம் வரும். நோய் இல்லாதவங்களுக்குத் தானே அழுத்தி வர்ற சத்தத்துக்கு மூளை கொஞ்சமாத்தான் அசையுது, மனச்சிதைவு உள்ளவங்களுக்கு யாரோ எழுப்பின சத்தம் மாதிரி பெருசா அசையுது. ஆனா பட்டன அழுத்தி 50 மில்லிசெகண்ட் கழிச்சு சத்தம் வர்ற மாதிரி வெச்சதும் இவங்க மூளையும் மத்தவங்கள மாதிரியே அடங்கிடுச்சு. தகவல் வராம இல்ல, லேட்டா வந்துட்டு இருந்திருக்கு. அந்த லேட்டுக்கும், பேசற பகுதியையும் காதுல கேக்கற பகுதியையும் சேக்கற ஒயிட் மேட்டர் பாதையோட நெலைக்கும் தொடர்பு தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்காங்க. எனக்கு இதப் படிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. தம்பி "என் நெனப்பையே எவனோ எனக்கு முன்னாடி சொல்றான்"னு பல வருஷமா சொல்லிட்டு இருக்கான், நாங்க அத உளறல்னு தள்ளிட்டு இருந்தோம்.

இவ்வளவு சொன்னதும் "அப்ப மையலின்தான் காரணம்"னு தோணும், எனக்கும் தோணுச்சு. இங்கதான் செய்திய நிறுத்தி நிதானமாப் படிக்கணும்.

செய்தி வந்ததும் நான் முதல்ல பாக்கறது, இது எதப் பாத்து சொன்னது, செத்தவங்க மூளையா, உயிரோட இருக்கறவங்க ஸ்கேனா, எலியா. மூணும் மூணு ரகம். செத்தவங்க மூளையில பாத்ததுல பெரிசா பேசப்பட்டது 2001ல வந்தது, ஹகாக்கும் அவரோட குழுவும் பண்ணது, 12 நோயாளிங்க மூளையையும் 12 மத்தவங்க மூளையையும் எடுத்து ஆயிரக்கணக்கான ஜீன்கள ஒரே மூச்சுல பாத்தாங்க, மையலின் தொடர்பான ஜீன்கள் நோயாளிங்க மூளையில மந்தமா இருந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்லாரும் டோபமின் டோபமின்னு ஒரு மூளை ரசாயனத்தப் பத்தியே பேசிட்டு இருந்த நேரம், அதனால பெரிய சத்தம். ஆனா அந்த 12 பேரும் வயசானவங்க, பல வருஷம் நோயோட ஆஸ்பத்திரியிலயே காலம் தள்ளினவங்க. அப்ப அது நோய்க்குக் காரணமா, நோயோட வாழ்ந்ததோட விளைவா? 2003ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த இன்னொரு ஆய்வுல மனச்சிதைவு 15 பேரு, பைபோலார்ங்கற வேற ஒரு மனநோய் 15 பேரு, மத்தவங்க 15 பேருன்னு பாத்தாங்க, ரெண்டு நோயிலயும் அதே மாதிரி மையலின் ஜீன் மந்தம். அதாவது இது மனச்சிதைவுக்கு மட்டும் உள்ள முத்திரை இல்ல. வாட்ஸ்அப் செய்தியில இந்த வரி எப்பவும் இருக்காது.

எலின்னா வேற கதை. எலிக்கு க்யூப்ரிசோன்னு ஒரு பொருளக் குடுத்து மையலின கரைச்சிடுவாங்க, அப்புறம் ஒரு மருந்து குடுத்து அது திரும்ப வளருதான்னு பாப்பாங்க. நல்ல ஆராய்ச்சிதான், ஆனா அந்த எலிக்கு மனச்சிதைவு இல்ல, அதுக்குக் குரல் கேக்குதான்னு யாரும் கேட்டுச் சொல்ல முடியாது. "எலிகளில்"ங்கற ஒரு வார்த்தைய எடுத்துட்டா எல்லா செய்தியும் மருந்து கண்டுபிடிச்ச மாதிரிதான் படிக்கும், அத எடுத்துடறதுல நம்ம ஆளுங்க கில்லாடிங்க.

அடுத்து ஸ்கேன். இதுலதான் என் காசு போச்சு. சாதாரண எம்ஆர்ஐ வேற, டிடிஐன்னு ஒண்ணு வேற. டிடிஐ தண்ணி மூலக்கூறு எந்தத் திசையில ஓடுதுன்னு பாக்கும், நரம்புக் கட்டு ஒழுங்கா இருந்தா தண்ணி அதோட நீளத்துக்கு ஓடும், குறுக்க ஓடாது, அந்த ஒழுங்க 0ல இருந்து 1 வரைக்கும் ஒரு நம்பராக் குடுப்பாங்க, எஃப்ஏன்னு பேரு. எனிக்மான்னு உலக அளவுல ஒரு கூட்டமைப்பு, 2018ல 29 இடத்து டேட்டாவ ஒண்ணாச் சேத்து 1,963 நோயாளிங்க, 2,359 மத்தவங்கன்னு பாத்தாங்க. பாத்த 25 பகுதியில 20ல நோயாளிங்களுக்கு எஃப்ஏ கொறச்சல். இது சும்மா இல்ல, உறுதியான விஷயம். மாத்திரை அளவுக்கும் இதுக்கும் தொடர்பு தெரியலன்னும் சொல்லியிருக்காங்க, அதனால "மாத்திரைதான் மூளைய அரிச்சிடுச்சு"ன்னு வாதாடறவங்களுக்கும் இதுல தீனி இல்ல.

ஆனா கொறச்சல்னா எவ்வளவு? அவங்க கணக்குல மொத்த ஒயிட் மேட்டருக்கு வித்தியாசத்தோட அளவு 0.42, இது எஃப்ஏ நம்பர் இல்ல, ரெண்டு கூட்டத்தோட சராசரியும் எவ்வளவு தள்ளி இருக்குங்கறதுக்கு ஒரு அளவுகோல். இத நம்ம பாஷைக்கு மாத்திப் பாத்தேன், பாலிடெக்னிக் படிக்கற பக்கத்து வீட்டுப் பையன் உதவி பண்ணான். கண்ண மூடிட்டு ஒரு நோயாளியையும் நோய் இல்லாத ஒருத்தரையும் எடுங்க, எஃப்ஏ கம்மியா இருக்கறவருதான் நோயாளின்னு பந்தயம் கட்டுங்க, 100 தடவ கட்டினா 62 தடவ சுமாரா ஜெயிப்பீங்க. காசு சுண்டிப் போட்டாலே 50 தடவ ஜெயிக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம். கூட்டமா பாத்தா தெளிவாத் தெரியுது, ஒத்த ஆள வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எங்க தெருவுல ஆம்பளைங்க பொம்பளைங்கள விட சராசரியா உயரம்தான், அதுக்காக ஒருத்தரோட உயரத்த மட்டும் சொன்னா அது ஆம்பளையா பொம்பளையான்னு சொல்லிட முடியுமா. இங்க இருக்கற வித்தியாசம் அத விடவும் ரொம்பக் கம்மி.

இது தெரியாம நான் 14,000 ரூபா கட்டி தம்பிய ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் எழுதித் தரல, நானா போனது. உள்ள அந்தக் குழாய்ல அவன் படுத்ததும் தட தட தடன்னு சத்தம், அவனுக்கு ஏற்கனவே தலைக்குள்ள சத்தம், ரெண்டு தடவ எந்திரிச்சு வந்துட்டான், மூணாவது தடவ நான் அவன் கால் கட்டை விரலப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ரிப்போர்ட்ல ஒரு கலர் படம் வந்துச்சு, இடம் வலமா ஓடற நரம்புக்குச் சிவப்பு, முன்ன பின்ன ஓடறதுக்குப் பச்சை, மேல கீழ ஓடறதுக்கு நீலம், மயில் தோகை மாதிரி. அடியில "எஃப்ஏ சற்று குறைவு"ங்கற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ஒரு வரி. வீட்டுக்கு வந்து டியூப் லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்துட்டு இருந்தப்ப தம்பி பக்கத்துல வந்து நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு, "அண்ணே, என் தலைக்குள்ள பேசறவன் இதுல எங்க இருக்கான்"னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல.

டாக்டர்கிட்ட கொண்டு போனேன். அவரு படத்த ஒரு நிமிஷம் பாத்துட்டு சொன்னது இது. எஃப்ஏ கொறஞ்சா மையலின் கொறஞ்சதுன்னு அர்த்தம் இல்ல, நரம்பு இழை மெலிசா இருந்தாலும் கொறையும், நெருக்கமா இல்லன்னாலும் கொறையும், ரெண்டு பாதை ஒண்ண ஒண்ணு குறுக்க வெட்டற எடத்துல சும்மாவே கொறையும், மையலினே இல்லாத நரம்புல கூட அந்த நம்பர் ஓரளவு இருக்கத்தான் செய்யும், அது போக உங்க தம்பி தலைய ஆட்டியிருந்தா அதனாலயும் மாறும். ரெண்டு தடவ எந்திரிச்ச கதைய நான் சொல்லல. மையலின் அடுக்குகளுக்கு நடுவுல இருக்கற தண்ணிய தனியா அளக்கற வேற மாதிரி எம்ஆர்ஐ ஆராய்ச்சிக்கூடங்கள்ல இருக்கு, அதுவும் ஒரு ஆளோட நோயக் கண்டுபிடிக்க இல்ல. அதனால டிடிஐ ஸ்கேன் எடுத்து மனச்சிதைவா இல்லையான்னு சொல்றோம்னு யாராவது சொன்னா, அந்தக் காசுக்கு வீட்ல இன்வெர்ட்டர் பேட்டரி மாத்துங்க.

"கரைஞ்சு போச்சு"ங்கற வார்த்தைய மட்டும் தனியா பிடிச்சுக் கேளுங்க. உண்மையிலயே மையலின் கரையற நோய் இருக்கு, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், அதுல உடம்போட எதிர்ப்பு சக்தியே மையலின தாக்கும், எம்ஆர்ஐல வெள்ளத் திட்டு திட்டா தெரியும். மனச்சிதைவுல அப்படித் திட்டு வராது, சாதாரண எம்ஆர்ஐ ரிப்போர்ட் பெரும்பாலும் நார்மல்னுதான் வரும். இங்க பேசறது உறை ஒழுங்கா சுத்தப்படலியா, சுத்தினத பராமரிக்கற செல்லு சோர்ந்து போச்சாங்கறதப் பத்தி. சுவத்துல பூச்சு உதிர்றதும் ஆரம்பத்துலயே மெலிசாப் பூசினதும் ஒண்ணு இல்ல, கொத்தனாருக்குத் தெரியும்.

மையலின் கட்சிக்கு எதிரா இருக்கற சாட்சியையும் கேட்டுக்கணும், செய்தி சொல்றவங்க சொல்ல மாட்டாங்க. 2022ல வந்த பெரிய மரபணு ஆய்வு, மனச்சிதைவோட தொடர்புள்ள இடங்கள் ஜீனோம்ல, அதாவது மொத்த மரபணுத் தொகுப்புல, 287ன்னு காட்டுச்சு. அதுல சுட்டிக்காட்டப்படற ஜீன்கள் எந்த செல்லுல வேலை செய்யுதுன்னு பாத்தா பெரும்பாலும் நரம்பு செல்லுங்க, நரம்புக்கு நரம்பு சேதி கைமாத்தற சந்திப்புகள். மையலின் சுத்தற செல்லு பக்கம் அப்படி ஒரு பெரிய குவியல் இல்ல. அதே சமயம் ஸ்டீவன் கோல்ட்மன் குழு 2017ல, சின்ன வயசுலயே மனச்சிதைவு வந்தவங்களோட செல்லுல இருந்து க்ளியா செல்லு, அதாவது மையலின் சுத்தற செல்லும் சேந்த துணைச் செல்லுக் குடும்பம், வளத்து எலி மூளைக்குள்ள விட்டாங்க, அந்த எலிங்களுக்கு மையலின் கொறச்சலா வந்துச்சு, நடத்தையும் மாறுச்சு. ரெண்டு பக்கமும் சாட்சி இருக்கு. என் கணிப்பு, மையலின் இந்த வீட்டுல ஒரு லைன்தான், மெயின் போர்டு இல்ல. இது வயரிங்காரன் கணிப்பு, அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க.

ஆனா ஒரு எடத்துல மையலின் நேரடியா, சந்தேகமே இல்லாம முக்கியம், இத வீட்ல இருக்கறவங்க தெரிஞ்சு வெச்சுக்கணும். மெட்டாக்ரோமேட்டிக் லூகோடிஸ்ட்ரோஃபின்னு ஒரு அபூர்வ பரம்பரை நோய், வாய்ல நுழையாத பேரு. ஆரில்சல்ஃபேட்டேஸ் ஏன்னு ஒரு என்சைம் கொறையறதால மையலின் சிதைஞ்சிடும். குழந்தையில வந்தா நடை போயிடும், ஆனா 12ல இருந்து 30 வயசுக்குள்ள வந்தா, 1992ல ஹைட், ஜீக்ளர், வைன்பெர்கர் மூணு பேரும் பழைய கேஸ் எல்லாத்தையும் தொகுத்துப் பாத்ததுல, பாதிக்கு மேல பேருக்கு குரல் கேக்கறது, சந்தேகம், விபரீத நம்பிக்கைன்னு அச்சு அசல் மனச்சிதைவு மாதிரியே ஆரம்பிச்சிருக்கு. நோய் முத்தினப்புறம் இந்தக் குரலெல்லாம் அடங்கி, ஞாபக மறதியும் நடக்க முடியாமையும் வந்துடும். இதுல இருந்து எனக்குப் புரிஞ்சது, லைன் முழுசா அறுந்தா குரல் இல்ல, லைன் இருந்தும் தப்பான நேரத்துல சேதி போறப்பதான் குரல். திருவிழா ஸ்பீக்கர் கதைக்கே திரும்ப வந்துட்டேன்.

அதனால டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்ல வேண்டிய அறிகுறிங்க சில இருக்கு. மனச்சிதைவுன்னு சொல்லிட்டாங்களே, இனி எல்லாம் அதோட சேந்ததுதான்னு நாமளே முடிவு பண்ணி முழுங்கிடக் கூடாது. நடை தள்ளாடுது, கால் மரத்துப் போகுது, பேச்சு குழறுது, படிப்புல நல்லா இருந்த புள்ள மாசத்துக்கு மாசம் கணக்கு மறந்துட்டே போகுது, பெட்லயே ஒண்ணுக்குப் போகுது, வலிப்பு வருது, காய்ச்சலோட சேந்து திடீர்னு புத்தி மாறுது, சொந்தத்துல யாராவது சின்ன வயசுல இப்படி படுத்த படுக்கையாப் போயிருக்காங்க, இல்ல அப்பா அம்மா நெருங்கின சொந்தத்துக்குள்ளயே கல்யாணம் பண்ணவங்க, இதுல எது இருந்தாலும் வாயத் திறந்து சொல்லணும். இந்த மாதிரி இருக்கறப்பதான் எம்ஆர்ஐக்கு உண்மையான வேலை. சில மாத்திரையாலயும் நடை இறுகும், கை நடுங்கும், அது வேற, ஆனா எதுன்னு பிரிச்சுப் பாக்கறது டாக்டர் வேலை, நம்ம வேலை சொல்றது.

இதுல சுலபமான, மலிவான ஒண்ணு பி12 டெஸ்ட். பி12 கொறஞ்சா முதுகுத்தண்டுல மையலினே கெடும், கால் மரக்கும், சிலருக்கு புத்தி கலங்கி குரல் கேக்கற அளவுக்குக் கூட போகும். கறி மீன் முட்டை தொடாத வீடு, பால் கூட அதிகம் சேக்காதவங்க, வயித்து ஆபரேஷன் ஆனவங்க, வருஷக்கணக்கா அசிடிட்டி மாத்திரை போடறவங்க, சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் போடறவங்க, இவங்க எல்லாம் கேட்டு எடுத்துக்கலாம். தம்பிக்கு எடுத்தோம், கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, ஊசி போட்டாங்க. குரல் நிக்கல, ஆனா பாதம் எரியுதுன்னு சொல்றது நின்னுச்சு. பி12 கொறைவு மனச்சிதைவுக்குக் காரணம்னு நான் சொல்ல வரல, கூட இருக்கற ஒரு ஓட்டைய அடைச்சாச்சு, அவ்வளவுதான்.

இப்ப பவுடர் கதை. அந்த முதல் செய்தியோட வாலுல ஒரு நம்பர் இருந்துச்சு, "மையலின் ரிப்பேர்" பவுடர், மூணு மாச கோர்ஸ். ஃபோன்ல பேசினவரு ரொம்ப அன்பா பேசினாரு, "இங்கிலீஷ் மருந்த மெதுவா கொறைச்சிடுங்க சார், ரெண்டும் சேந்தா வேலை செய்யாது"ன்னு சொன்னாரு, நானும் கேட்டேன். அஞ்சாவது வாரம் தம்பி தூங்கறத நிறுத்திட்டான். அப்புறம் ராத்திரி ராத்திரி மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ண ஆரம்பிச்சான், ஃபேன் வழியா பேசறாங்கன்னு. வயர்மேன் வீட்ல கரண்ட் இல்லாம ஒரு மாசம். பழைய அளவு மாத்திரைக்குத் திரும்பிப் போயி அவன் பழையபடி உக்காந்து சாப்பிட ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. தப்பு பவுடர்காரர் மேல பாதின்னா மீதி பாதி என் மேல. யாரு என்ன சொன்னாலும், நான் இப்ப எழுதறது உட்பட எதப் படிச்சாலும், மாத்திரைய டாக்டரக் கேக்காம ஒரு கால் மாத்திரை கூட கொறைக்காதீங்க. ராத்திரியில நெலைமை மோசமாகி யாரக் கேக்கறதுன்னு தெரியலன்னா 14416ன்னு மத்திய அரசோட டெலி மானஸ் லைன் இருக்கு, 2022 அக்டோபர்ல இருந்து ஓடுது, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

சாப்பாட்டு வைத்தியமும் வரும். எங்க அத்தை வாராவாரம் ஆட்டு மூளை வாங்கி மிளகு போட்டு வறுத்துக் குடுத்து அனுப்பும், "மூளைக்கு மூளைதான்டா மருந்து"ன்னு. ருசி பிரமாதம், நானும் பங்கு போட்டுக்குவேன். ஆனா சாப்பிட்ட கொழுப்பு நேரா போயி நரம்புல ஒட்டிக்காது, ரத்தத்துல இருக்கற கொலஸ்ட்ரால மூளை உள்ளயே விடறது இல்ல, தனக்கு வேண்டியத தானே தயாரிச்சுக்குது. நெய்யும் அதே கதைதான், அதுவும் தம்பி போடற மாதிரி மாத்திரைங்கள்ல ஏற்கனவே எடை ஏறும், சுகர் ஏறும், அதுக்கு மேல நெய் ஊத்தினா வேற ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும். மீன் எண்ணெய் மாத்திரை கொஞ்சம் மரியாதையான கேஸ், 2010ல வியன்னாவுல நோய் வரக்கூடிய அபாயத்துல இருந்த 81 பேருக்குக் குடுத்துப் பாத்ததுல நல்ல பலன் தெரிஞ்சுது, எல்லாரும் குதிச்சாங்க, அப்புறம் பல நாட்டுல சேந்து 304 பேர வெச்சுப் பண்ண பெரிய ஆய்வு 2017ல வந்துச்சு, அதுல அந்தப் பலன் கிடைக்கல. மத்தி மீன் கொழம்பு வெச்சு சாப்பிடுங்க, மருந்துன்னு நெனச்சு இல்ல, கொழம்புன்னு நெனச்சு.

அப்ப மையலினுக்காக வீட்ல ஒண்ணுமே பண்ண முடியாதான்னு கேட்டா, ஒண்ணு ரெண்டு இருக்கு, அளவோட சொல்றேன். உறை ஒரு தடவ சுத்தினா முடிஞ்சுதுன்னு முன்னாடி நெனச்சாங்க, இப்ப அப்படி இல்ல, புதுசா ஒண்ணு கத்துக்கிட்டா மாறுது. 2009ல ஆக்ஸ்ஃபோர்ட்ல ஆளுங்களுக்கு ஆறு வாரம் பந்து தூக்கிப் போட்டுப் பிடிக்கற வித்தை கத்துக் குடுத்து ஸ்கேன்ல ஒயிட் மேட்டர் மாற்றத்தப் பாத்தாங்க. 2015ல வந்த ஒரு ஆய்வுல மனச்சிதைவு உள்ளவங்க ஆறு மாசம் சைக்கிள் மிதிச்சப்புறம் எஃப்ஏ கொஞ்சம் ஏறியிருந்துச்சு, சும்மா இருந்தவங்களுக்கு ஏறல. எஃப்ஏ பத்தி மேல நான் சொன்ன சந்தேகமெல்லாம் இங்கயும் உண்டு, நமக்கு சாதகமா இருக்குன்னு இத மட்டும் கண்ண மூடிட்டு நம்பக் கூடாது. ஆனா சைக்கிள் மிதிச்சா எடைக்கும் தூக்கத்துக்கும் நல்லது, அதுக்கு ஸ்கேன் சாட்சி தேவையில்ல.

இன்னொண்ணு எலி ஆய்வுதான், எலிய நம்பாதன்னு சொல்லிட்டு நானே சொல்றேன் பாருங்க. 2012ல ரெண்டு தனித்தனி குழு, எலிய கூட்டத்துல இருந்து பிரிச்சுத் தனியா போட்டா நெத்திப் பகுதியில மையலின் மெலிசாகுதுன்னு காட்டினாங்க. பால் மறந்த குட்டியா இருக்கறப்ப ரெண்டு வாரம் தனியா போட்டா அப்புறம் கூட்டத்துல விட்டும் சரியாகல, வளந்த எலிய எட்டு வாரம் தனியா போட்டுட்டுத் திரும்பக் கூட்டத்துல விட்டா சரியாயிடுச்சு. இதப் படிச்சு "நாங்க தனியா விட்டதாலதான் வந்துச்சோ"ன்னு எங்கம்மா அழுதாங்க. அப்படி எடுத்துக்கறதுக்கு இதுல எடமே இல்ல, எலிக்கு ஆனது எலிக்கு, பெத்தவங்க வளத்ததுல வர்ற நோய் இல்ல இது. நான் எடுத்துக்கிட்டது வேற. அதுவரைக்கும் தம்பி தட்ட ரூமுக்குக் கொண்டு போயி வெச்சிட்டு வந்துடுவோம், அவனுக்கும் அது வசதி, எங்களுக்கும் வசதி. இப்ப சாயங்காலம் சைட்ல இருந்து வந்ததும் அவன வண்டியில உக்கார வெச்சு டீக்கடை வரைக்கும் போறோம். சில நாள் வேண்டாம்னுவான், விட்டுடுவேன். வர்ற நாள்ல அவன் பேச மாட்டான், நான் அன்னைக்கு அடிச்ச லைனப் பத்தி ஏதாவது சொல்லிட்டு இருப்பேன்.

கடைசியா, ஓபிக்குப் போறப்ப என்ன எடுத்துட்டுப் போறதுன்னு. ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். எத்தன மணிக்குத் தூங்கினான், மாத்திரை விட்டுப் போன நாள், புதுசா என்ன மாறுச்சு, அவ்வளவுதான் எழுதறேன், டாக்டருக்கு என் ஒரு மணி நேரக் கதைய விட அந்த நாலு வரி உதவுதுன்னு அவரே சொன்னாரு. பழைய எம்ஆர்ஐ ஃபிலிம மடிக்காதீங்க, வெயில் படற எடத்துல வெக்காதீங்க, சிடி குடுத்தா அதையும் சேத்து வாங்கி வெச்சுக்கோங்க, அடுத்த தடவ எடுக்க நேர்ந்தா பழசோட ஒப்பிட்டுப் பாப்பாங்க. இந்த மாதிரி செய்தி வந்தா நான் இப்ப மூணே கேள்விதான் நோட்டோட பின்பக்கம் எழுதிட்டுப் போறேன். இது எங்க தம்பியோட மருந்த மாத்துமா? மாத்தாதுன்னா நான் பாக்க வேண்டிய புது அறிகுறி ஏதாவது இருக்கா? ஏதாவது டெஸ்ட் எடுத்தா அதோட முடிவ வெச்சு நீங்க வேற மாதிரி எதுவும் செய்வீங்களா, இல்ல சும்மா ஃபைல்ல போடவா? மூணாவது கேள்விய முதல்லயே கேட்டிருந்தா அந்த 14,000 ரூபாய்க்குத் தம்பிக்கு ஒரு நல்ல சைக்கிளே வாங்கியிருக்கலாம். போன மாசம்தான் வாங்கினோம், செகண்ட் ஹேண்ட், பெல் அடிக்கல, அத அவனே சரி பண்றேன்னு கழட்டிப் போட்டு வெச்சிருக்கான்.